வேறு பழுது ஏதும் இல்லை

எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு யாரும் அடுப்பில் சட்டி வைத்திருக்க மாட்டார்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரட்டில் சங்கு மூன்று முறை ஊதும். மூன்றாவது ஊதலுக்குள் கொதிக்கிற வெஞ்சனத்தை இறக்கித் தரையில் வைத்துவிட வேண்டும். அலமாரியில் நிற்கிற டம்ளர்களைக் கவிழ்த்துவிட வேண்டும். தொட்டிலில் பிள்ளை இருந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெடி. தரை ஒரு தரம் தூக்கிப் போடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளில் புழுதி வந்து உட்காரும். பிறகு சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றுவோம். பதினொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

ஊரின் பெயர் சந்தியாகுபுரம். ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். நாற்பத்தொரு வீடு, சந்தியாகப்பர் கோயில் ஒன்று, ஊருக்குக் கிழக்கே கரடு என்கிற பாறைக் குன்று. கரட்டை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து உடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் அந்தப்பக்கம் உடைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஊரைப் பார்த்த மேற்கு முகத்துக்கு வந்தார்கள். சுவர்களில் வெடிப்பு விட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஊர் மனுக்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாம் மாதமே ஆரம்பித்த வேலை. ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், தெருவிளக்கு, கடைசியில் குவாரி. தேதி, பார்வை, பொருள், கீழே வரிசை எண் போட்டுக் கோரிக்கை என்று ஒழுங்காக எழுதுவேன். "வினோலியா எழுதினா அதிகாரி ஒரு தடவையாவது படிப்பாரு" என்று சொல்லிக்கொள்வார்கள். நான் எழுதிக் கொண்டுவருவதை யாரும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. நீட்டினால் போடுவார்கள்.

குவாரிக்கு எதிராக ஆறு மனு எழுதினேன். ஆறாவது மனுவுக்குப் பிறகு குவாரி மேலாளர் சந்தோஷ்குமார் வீட்டுக்கே வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க மனு ஆறையும் படிச்சேனுங்க மேடம். எங்க ஆபீசுல இந்த மாதிரி எழுதறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க. ஊருக்காக எழுதுன கைதானுங்க எங்களுக்கும் வேணும்."

மக்கள் தொடர்பு அலுவலர் என்று வேலை. ஊர்க் குறைகளைக் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும், கம்பெனியிடம் சொல்ல வேண்டும். குத்தகை அனுமதியைப் புதுப்பிக்கும் முன் ஓர் ஆய்வுக் குழு வரும் என்றும், அவர்கள் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள் என்றும் அவரே சொன்னார். வீடுகளில் வெடிப்பு இருப்பதாகக் குழு எழுதிவிட்டால் மேற்கு முகத்தில் வெடி வைக்க முடியாது. எனக்கு அது ஒன்று போதும் என்று பட்டது.

என் கணவர் பிரான்சிஸின் அக்காள் இஞ்ஞாசியம்மாளிடம் சொன்னேன். கரட்டுக்கு முதல் வீடு அவள் வீடு. அவள் வீட்டு வடக்குச் சுவரில்தான் ஊரிலேயே பெரிய வெடிப்பு. உள்ளேயிருந்து பார்த்தால் தெருவில் போகிற ஆட்டின் கால் தெரியும். புருசன் ஸ்டீபன்ராஜ் அப்போது உயிரோடு இருந்தார், படுக்கையில். அந்தச் சுவர் ஓரம்தான் கட்டில்.

"எழுதுறவளை வாங்கிட்டா எழுத்து நின்னுரும்னு பாக்குறான்" என்றாள்.

"உள்ள இருந்து செஞ்சா சீக்கிரம் நடக்கும் மதினி."

"உள்ள போயிட்டா சங்குச் சத்தம் கேக்காதோ?"

"பாருங்களேன். இந்தச் சுவத்துக்கு நான் பொறுப்பு."

"நீ சொல்லிட்ட. சுவரு கேட்டுச்சான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, ஸ்டீபன்ராஜ் அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

வேலையில் சேர்ந்ததும் மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் தேதி எழுத வேண்டும். வெடிப்பு வளராவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். வளர்ந்தால் உடைந்துவிடும். வாய்ப்பேச்சே தேவையில்லை.

திண்டுக்கல்லில் படம் சட்டம் போடுகிற கடையில் கழிவுக் கண்ணாடி வாங்கிவந்து, விரல் அகலத்துக்கு அறுத்து, நாற்பத்தொரு வீட்டிலும் ஒட்டினேன். மொத்தம் அறுபத்துமூன்று துண்டு. பதிவேட்டில் வீட்டு எண், எந்தச் சுவர், ஒட்டிய தேதி, உடைந்த தேதி என்று பத்தி பிரித்தேன். கம்பெனி கொடுத்த டேப்லெட்டில் படமும் எடுத்தேன். ஒன்பது மாதத்தில் இருபத்திரண்டு கண்ணாடி உடைந்தது. இஞ்ஞாசியம்மாள் வீட்டில் மட்டும் மூன்று. ஒவ்வொன்று உடையும்போதும் ஆள் விட்டு அனுப்புவார்கள். நான் போய்ப் பார்த்துத் தேதி எழுதுவேன். உடைந்ததைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இதற்கு நடுவில், அக்டோபர் பதினொன்றாம் தேதி, ஸ்டீபன்ராஜ் அண்ணன் தவறிப்போனார்.

அடுத்த ஜூலை முதல் தேதி சந்தோஷ்குமார் என்னைக் கூப்பிட்டார். இருபத்தைந்தாம் தேதி சந்தியாகப்பர் திருவிழா.

"ஏனுங்க மேடம், திருவிழா வருதுங்களே. கம்பெனி பேருல ஊருக்கு ஏதாச்சும் செய்யோணுமுங்க. என்ன வேணும்னு கேட்டு ஒரு லெட்டர் வாங்கிக்குடுங்க."

கோயில் வாசலில் ஊரைக் கூட்டினேன். திருவிழாக் கமிட்டித் தலைவர் ராயப்பராஜ், "கோயிலுக்கு மட்டும் பெயிண்டு கேளும்மா. மத்தது நாம பாத்துக்கிருவோம்" என்றார். எங்கள் ஊர் வழக்கம், கொடியேறுவதற்கு முன் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்துவிட வேண்டும். சப்பரத்தில் சந்தியாகப்பர் தெருவில் வரும்போது அழுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரக்கூடாது. அந்த வருடத்தில் சாவு விழுந்த வீடு மட்டும் அடிக்காது. அங்கே வாசலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். சப்பரம் அந்த வீட்டு முன் கொஞ்சம் நின்று போகும்.

கோயிலுக்கு மட்டும் போதும் என்று சொன்னதும் சந்தோஷ்குமார் சிரித்தார்.

"கோயிலுக்கு மட்டும் என்னங்க, சாமி வர்ற தெருவு மொத்தத்துக்கும் அடிச்சுப்போடலாமுங்க. ஆளும் நாங்களே அனுப்பறோம். நாப்பத்தொரு வீடும் உள்ளயும் வெளியிலயும் ஒரே கலரு. பாக்க எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க." பிறகு கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்தினார். "ஒண்ணுதானுங்க. வீடுன்னு எழுதுனா, மராமத்துக் கேக்கறாங்கன்னு நெனச்சு ஹெட் ஆபீசுல நிறுத்தி வெச்சுருவாங்க. பெயிண்டு மட்டுந்தான்னு தெரியற மாதிரி ஏதாச்சும் ஒரு வரி போட்டுருங்க. நீங்க எழுதறதுக்கு நான் சொல்லோணுமா?"

அவர் வரியைச் சொல்லவில்லை. அது என் வரி.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. கேட்பதை எப்போதும் சின்னதாகக் காட்டிக் கேட்பது. ரோடு கேட்டால், தார் ரோடு இல்லாவிட்டாலும் கப்பி போட்டால் போதும் என்று எழுதுவேன். தண்ணீர்த் தொட்டி கேட்டால், பழைய தொட்டியைச் சரிசெய்து கொடுத்தாலும் நன்றி உள்ளவர்களாக இருப்போம் என்று எழுதுவேன். பெரிதாகக் கேட்டால் கோப்பு மேசையைவிட்டு நகராது. இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த தெருவிளக்கும் பென்சனும் எல்லாம் இப்படி வாங்கியதுதான். அதனால் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தில் மூன்றாவது பத்தியில், யோசிக்காமல், அழகாக எழுதினேன்:

'எங்கள் வீடுகளில் வேறு பழுது ஏதும் இல்லை. வர்ணம் பூசித் தந்தால் அதுவே போதுமானது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ராயப்பராஜ் முதல் கையெழுத்து. பிறகு நாற்பது வீடு. இஞ்ஞாசியம்மாள் கைநாட்டு வைத்தாள். கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "எதுக்குடி இது?" என்றாள்.

"திருவிழாவுக்குப் பெயிண்டு மதினி."

"எனக்கு வருசம் திரும்பலையே."

"உங்களுக்கு அடிக்க வேண்டாம். ஊர் லெட்டர், எல்லாரும் போடணும்ல."

எட்டாம் தேதி ஆட்கள் வந்தார்கள். திண்டுக்கல் பெயிண்டர்கள் பன்னிரண்டு பேர், ஒரு மேஸ்திரி. வேனிலிருந்து பெயிண்ட் வாளியைவிட மூட்டைகள்தான் அதிகம் இறங்கின. சுவர் வெடிப்பை அடைத்து மட்டமாக்குகிற வெள்ளை மாவு மூட்டை. அவர்கள் அதைப் பட்டி என்பார்கள்.

"இம்புட்டுப் பட்டி எதுக்குண்ணே?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பட்டி பாக்காம அடிச்சா வாரத்துல உரிஞ்சுரும்மா. நாளைக்கு எங்களத்தானே வைவீங்க."

நியாயமாகத்தான் இருந்தது. மூன்றாவது வீட்டில் நான் போய் நின்றபோது, ஒருவன் கரண்டியால் என் கண்ணாடித் துண்டை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான். நான் எழுதிய தேதியோடு அது கீழே கிடந்தது. துருத்திக்கொண்டு இருக்கிறதாம். உடனே சந்தோஷ்குமாருக்கு போன் செய்தேன்.

"ரெஜிஸ்டர்ல தேதியோட இருக்குதுங்களே மேடம்? போட்டோவும் இருக்குது. அப்பறம் சுவத்துல எதுக்குங்க அது? திருவிழா முடிஞ்சு புதுசா ஒட்டிக்கலாமுங்க."

பதிவேடு இருக்கிறது என்றதும் என் மனம் அமைதியாகிவிட்டது. எழுதி வைத்தது ஒருநாளும் அழியாது என்று நம்புகிறவள் நான். பெயிண்டர்கள் ஒரு வீடு முடித்ததும் பட்டியலில் ஒரு டிக் போட்டேன். பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நாற்பது டிக் இருந்தது.

ஒரு கட்டம் மட்டும் காலி. பட்டியலில் முதல் கட்டம் அது.

நான்தான் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. சந்தோஷ்குமார் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலிக் கட்டம் என் கண்ணை உறுத்தியது, அதுதான் காரணம். கூட ராயப்பராஜையும் அழைத்துக்கொண்டேன். இஞ்ஞாசியம்மாள் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஊரே ஒரே கலரா இருக்கு. உங்க வீடு ஒண்ணு மட்டும் புகையடிச்சாப்புல நிக்குது. அதுவும் முத வீடு."

"துக்க வீடு அப்படித்தான் நிக்கும்."

"நீங்க அடிச்சாத்தானே மதினி தப்பு? கம்பெனி அடிக்குது. நீங்க சும்மா இருங்க."

"வெள்ளையடிக்கிறது யாரா இருந்தா என்னடி, சுவரு எம் புருசன் சுவருதானே."

ராயப்பராஜ் செருமினார். "சப்பரம் வடக்குத் தெரு வழியாத்தான் வரும் இஞ்ஞாசி. பங்குச் சாமியாரு போட்டோ எடுக்க ஆளு சொல்லியிருக்காரு. எட்டு மாசம் ஒம்பது மாசம் ஆச்சுல்ல. செத்தவன் கோவிச்சுக்கிற மாட்டான்."

"உமக்கு வந்து சொன்னானாக்கும்."

அவள் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்றியா? அடிக்கலாமா?" என்றாள்.

"அடிக்கலாம் மதினி."

"அந்த வடக்குச் சுவத்தையாவது விட்டுருவோமா?"

"தெருவைப் பாத்த சுவரே அதுதானே."

பதினான்காம் தேதி காலை அவள் வீட்டை முடித்தார்கள். வடக்குச் சுவருக்கு மட்டும் உள்ளும் புறமுமாக ஒரு மூட்டைப் பட்டி பிடித்தது. நான் முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கீழே 41/41 என்று எழுதிச் சுழித்தேன்.

திருவிழா நன்றாக நடந்தது. பொய் சொல்வானேன், ஊர் அப்படி அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே சந்தன நிறம். ஆடிக் காற்றில் குவாரிப் புழுதி பறக்கக்கூடாது என்று மூன்று நாள் கிரஷரை நிறுத்தியிருந்தார்கள். சந்தோஷ்குமார் குடும்பத்தோடு வந்து சப்பரத்துக்கு மாலை போட்டார். சாமியார் பிரசங்கத்தில் கம்பெனிக்கு நன்றி சொன்னார், எனக்கும் சொன்னார். இஞ்ஞாசியம்மாள் வாசலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். சப்பரம் தூக்கியவர்கள் வெள்ளையடித்த வீட்டைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். அவள் மெழுகுவத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக் குழு வந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்கள். மூன்று அதிகாரிகள். ஒருவர் வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வீடு வீடாக வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். "இங்கனதான் சார். இம்புட்டு அகலம்." அங்கே சந்தன நிறத்தில் வழவழவென்று சுவர் இருந்தது. நாலைந்து வீட்டுக்குப் பிறகு சொல்கிறவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இதுலயா, அந்தப் பக்கமா" என்று தடவிப் பார்த்தார்கள்.

நான் பதிவேட்டை நீட்டினேன். வயதானவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அந்தக் கண்ணாடியெல்லாம் எங்க?"

"பெயிண்ட் அடிக்கிறப்ப எடுத்துட்டாங்க சார். போட்டோ இருக்கு."

"காட்டுங்க."

டேப்லெட் பழுதாகி ஹெட் ஆபீசுக்குப் போயிருப்பதாக சந்தோஷ்குமார் சொன்னார். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"வெடி எத்தனை மணிக்கு?" என்று இன்னொரு அதிகாரி கேட்டார்.

"தினம் ஒரு மணிக்குங்க சார். இன்னைக்கு மட்டும் மெயின்டனன்ஸுங்க."

அன்று சங்கு ஊதவில்லை. ஒரு மணி வந்து போயிற்று. ஊரில் எல்லா அடுப்பிலும் சட்டி இருந்தபடியே இருந்தது.

கடைசியாக இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்கு வந்தோம். அவள் எதையும் தொட்டுக் காட்டவில்லை. உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்துவந்து வடக்குச் சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பட்டி ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. இன்னொரு போடு. செம்மண் பூச்சும் சேர்ந்து விழுந்தது.

"அம்மா, நிறுத்துங்கம்மா" என்றார் வயதானவர்.

"உள்ள இருக்கு சாமி. செத்த நேரம் பொறுங்க. உள்ள இருந்து பாத்தா ஆட்டுக்காலு தெரியும்."

"நீங்களே கொத்திட்டு இதுதான் வெடிப்புன்னா நான் எப்படிம்மா எழுதுறது? எது வெடிச்சது, எது கொத்துனதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் கொத்துவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். கொத்தின இடம் எல்லாம் ஒரே குழியாகத்தான் இருந்தது.

சந்தோஷ்குமார் ஒரு காகிதத்தைப் பைலிலிருந்து எடுத்தார். குரலில் வருத்தம்கூட இருந்தது. "ரெஜிஸ்டர் பொய்யின்னு நாங்க சொல்லலீங்க சார். பழைய பூச்சு, அங்கங்க விரிஞ்சிருக்கும். ஆனா இந்த மாசம் ரெண்டாம் தேதி ஊர்க்காரங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. நாப்பத்தொரு வீட்டுக் கையெழுத்துங்க."

வயதானவர் நின்றபடியே சத்தமாக வாசித்தார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் வாசிப்பு மெதுவானது. 'எங்கள் வீடுகளில் வேறு பழுது ஏதும் இல்லை.' வாசித்து முடித்து எல்லாரையும் பார்த்தார்.

"இந்த வரியை யாரு எழுதுனது?" என்று கேட்டவள் இஞ்ஞாசியம்மாள்.

ராயப்பராஜ் தரையைப் பார்த்தார். ஊருக்கே என் எழுத்துத் தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. அவளுக்கு எழுத்தே தெரியாது.

"நான்தான் மதினி."

அவள் களைக்கொத்தைச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கியாத்தா. ஒரு தப்பு இல்லாம."

அனுமதி ஆகஸ்டில் புதுப்பித்து வந்தது. மேற்கு முகமும் சேர்த்து, ஐந்து வருடத்துக்கு. பிரான்சிஸ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வாரம் இரண்டு நாள்தான் வீட்டில். அந்த வாரம் வந்தவர் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ அன்னைக்கு அந்த ஒரு வீட்டை விட்டுருந்தா போதும்டி. ஒண்ணாவது மிச்சம் இருந்திருக்கும்." நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் இஞ்ஞாசியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"பேப்பரு எடு. மனு எழுதணும்."

"நான் எழுதினா—"

"வேற எவளுக்கு எழுதத் தெரியும் இந்த ஊருல? நான் சொல்லச் சொல்ல எழுது. கேக்குறதைச் சின்னதாக்காத. மேக்கு முகத்துல வெடி வைக்கக் கூடாது. அம்புட்டுத்தான். கொஞ்சமா வைக்கலாம், மெதுவா வைக்கலாம்னு ஒண்ணும் போடாத."

எழுதினேன்.

"வீட்டுல பழுது இல்லைன்னு எழுதுனது யாருன்னும் போடு. பேரு, கம்பெனியில என்ன வேலை, எல்லாம் போடு."

அதையும் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் அதுதான் மிகக் குறுகியது. திங்கட்கிழமை அவளே பஸ் ஏறிப் போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

மூன்று வாரத்தில் அந்த மனு திரும்பி வந்தது, என் மேசைக்கு. மேல் நடவடிக்கைக்காக அங்கிருந்து இங்கு, இங்கிருந்து அங்கு என்று நாலு முத்திரை விழுந்து, கடைசியில் குவாரி நிர்வாகத்தின் விளக்கம் கேட்டு வந்திருந்தது. ஓரத்தில் பென்சிலில் சந்தோஷ்குமாரின் எழுத்து: 'வினோலியா மேடம், பதில் தயார் செய்யவும்.'

இரண்டு பக்கம் எழுதினேன். எந்தத் தேதியில் எந்தக் கண்ணாடி உடைந்தது, பட்டி மூட்டை எத்தனை இறங்கியது, அந்த வரியை நான் ஏன் எழுதினேன், ஆய்வு நாளில் ஏன் சங்கு ஊதவில்லை, எல்லாம் வரிசை எண் போட்டு. கீழே என் கையெழுத்து. கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன்.

அவர் நிதானமாகப் படித்தார்.

"தாராளமா அனுப்புங்க மேடம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நெசமாத்தானுங்க. நான் தடுத்தா அது தப்பாயிருமுங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. பைல்ல ஒரே எழுத்துல ரெண்டு லெட்டரு இருக்கும். ஜூலையில எழுதுனது ஊரு லெட்டரு, நாப்பத்தொரு கையெழுத்து. செப்டம்பர்ல எழுதுனது நீங்க தனியா எழுதுனது. படிக்கறவரு எதை எடுப்பாருன்னு உங்களுக்குத் தெரியாததுங்களா? நீங்க மனு எழுதி மனு எழுதி வந்தவங்க."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவர் என்னை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை. தினம் காலையில் "வாங்க மேடம்" என்பார். நானும் வேலையை விடவில்லை. ஏன் என்று பிரான்சிஸ் கேட்டதற்கு, பதிவேடாவது என் கையில் இருக்கட்டும் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வேறு எங்கே போய் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம் மழை பிடித்தது. பட்டி ஊறி உப்பி, ஊர் முழுக்கச் சந்தன நிறம் பொருக்குப் பொருக்காக உரிய ஆரம்பித்தது. பழைய வெடிப்புகள் பழைய இடத்திலேயே, பழைய கோட்டிலேயே வந்து நின்றன. வந்து பார்ப்பதற்குத்தான் இனி ஐந்து வருடத்துக்கு யாரும் இல்லை.

பதினொன்றாம் தேதி ஸ்டீபன்ராஜ் அண்ணனுக்கு வருடம் திரும்பியது. காலையில் கோயிலில் பூசை. முடிந்து எல்லாரும் போன பிறகு, ஒரு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் குழைத்த சிமெண்டும் எடுத்துக்கொண்டு இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்குப் போனேன். கட்டில் வடக்குச் சுவர் ஓரம் இல்லை. வெளியே ஆட்டுக்கொட்டிலில் கிடந்தது. அவள் அங்கேதான் படுக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் வெளியே வந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள். கண்ணாடியையும் சிமெண்டையும் வாங்கிக்கொண்டாள். வெடிப்பின் குறுக்கே, நான் முன்பு ஒட்டிய அதே உயரத்தில், அவளே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டை அப்பி அழுத்தினாள்.

"தேதி என்ன?"

"பதினொண்ணு."

"அது எனக்குத் தெரியாதா. மாசத்துக்கு நம்பரு சொல்லு."

"பத்து."

ஓர் ஆணியை எடுத்து ஈரச் சிமெண்டில் பதினொன்று, ஒரு கோடு, பத்து என்று கீறினாள். நம்பர் மட்டும் எழுதுவாள்.

"ரெஜிஸ்டர்ல ஏத்திக்கிறேன் மதினி."

"ஏத்து. லெட்டரு மட்டும் எழுதாத."

கரட்டில் சங்கு ஊதியது. அவள் உள்ளே போய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். நானும் நாலு அடி தள்ளி நின்றேன். இரண்டாவது சங்கு, மூன்றாவது சங்கு. தரை தூக்கிப் போட்டது. சுவரில் மேலே ஒட்டியிருந்த பட்டிப் பொருக்கு ஒன்று கழன்று விழுந்தது.

புழுதி அடங்குமுன்பே அவள் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். உடையவில்லை. சிமெண்ட் காயாததால் ஒரு நூல் அளவு வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. கட்டைவிரலால் அதை மேலே தள்ளி, பழையபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய் உன் சட்டியை ஏத்து" என்றாள், திரும்பாமல்.